மச்சான் கையில் கயிறு

முத்துக்குளித்தல் என்றதும் எல்லோருக்கும் கடலுக்குள் குதிக்கும் ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை யாரும் நினைப்பதில்லை. ஆனால் தூத்துக்குடிக் கடலில் தலைமுறை தலைமுறையாக உயிர் காத்தவர் அவர்தான்.

அந்தக் காலத்து முறை எளிமையானது. குளியாளி கனமான கல்லில் காலை வைத்து, மூச்சை அடக்கி இறங்குவார். அடியைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். அவர் சிப்பிகளைப் பொறுக்கிப் பையில் போடுவார். மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். மொத்தமே ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதனால் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியுமே!

இதில் இரண்டு விஷயங்கள் உள்ளன. யார் காப்பாற்றுவது என்பது இறங்குவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. காப்பாற்றுகிறவர் இறங்குவதில்லை, மேலேயே நிற்கிறார்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. 1974ல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பலும் தொழிற்சாலையும் வந்தன. மூச்சு முட்டும் இடம் கடலடியிலிருந்து இரும்புத் தொட்டிக்கு மாறியது.

தொட்டி கடலைவிட மோசமானது. கடலில் காற்று இல்லை என்று குளியாளிக்குத் தெரியும். தொட்டிக்குள் காற்று இருப்பதுபோலவே தோன்றும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். மூடிக் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும்போது அந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும். கழிவுநீர்த் தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவோ, அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போது ஆள் விழுந்துவிடுவார்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 36வது பிரிவில் இதற்கு வழி சொன்னது. தகுதியானவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் இறங்குபவர் சுவாசக் கருவியும் பெல்ட்டும் அணிய வேண்டும். பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அதாவது, மச்சான் வேண்டும்!

மச்சான் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? 2020 ஜூலை 2 அன்று தூத்துக்குடி மாவட்டம் கீழ செக்காரக்குடியில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது 4 பேர் இறந்தார்கள். முதலில் இறங்கியவர்கள் மயங்கி விழ, தூக்கிவிடப் போனவர்களும் திரும்பவில்லை. 2025 செப்டம்பரில் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில், ஒரு பார்ஜின் பேலஸ்ட் தொட்டிக்குள் 3 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இத்தகைய மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 1986ல் எச்சரித்தது. 2015 முதல் சர்வதேசக் கப்பல்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதற்கான மீட்பு ஒத்திகை கட்டாயமானது.

யோசித்துப் பாருங்கள். பாசத்தில் உள்ளே குதிக்கும் மனிதனைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் அவன் கையில் முன்கூட்டியே ஒரு கயிற்றைக் கொடுத்திருந்தால் அவன் குதித்திருக்கவே வேண்டாம். கயிறு விலை அதிகமில்லை. அதைப் பிடிக்க ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கும் இடத்தில்தான் தாலிகள் அறுகின்றன.