கதிருக்கு மசியாத கட்டிகளும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும்

திருச்சி மாவட்டத்து மருங்காபுரி வட்டத்தின் ஒரு பக்கம் புதுக்கோட்டை மாவட்டம், மறுபக்கம் திண்டுக்கல் மாவட்டம். புற்றுநோய் மருத்துவ வரலாற்றில் இரண்டுக்கும் இடமுண்டு. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரமே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. 1957-இல் அங்கே கோபால்ட்-60 கதிர்ச் சிகிச்சைக் கருவி வந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயால் வாடிய எத்தனையோ கிராமத்துப் பெண்களுக்கு அது வாழ்வளித்தது.

நம் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் இந்தச் சிகிச்சையில் ஒரு புதிர் உண்டு. ஒரே கட்ட நோய், ஒரே அளவு கதிர். ஒருவருக்குக் கட்டி கரைகிறது, மற்றவருக்கு மீண்டும் தலைதூக்குகிறது. ஏன்?

விடையின் ஒரு பகுதி மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களிடம் இருக்கிறது. சுமார் 22 எழுத்து நீளமே உள்ள இவை புரதம் எதையும் உண்டாக்குவதில்லை. எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம் என்பதை, ஏரி மடையில் நின்று நீரை அளந்து விடுபவரைப் போலக் கட்டுப்படுத்துகின்றன. 1993-இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்கனும் 2024-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கருப்பை வாய்ப் புற்றணுவையே பார்ப்போம். கதிர் பட்டு டி.என்.ஏ. அறுந்ததும், இயல்பான உயிரணுவில் பி53 என்ற புரதம் விழித்தெழுந்து மிர்-34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பெருக்கும். அது உயிரணுப் பிரிவைத் தடுக்கும். சரிசெய்ய முடியாத அளவு பழுதான உயிரணுவைச் சாகவும் விடும். ஆனால் இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐ அழித்துவிடுகிறது. மிர்-34ஏ-யும் குறைகிறது. கட்டிகளில் பெருகும் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வோ புற்றணுவைச் சாகவிடாமல் காப்பாற்றுகிறது. லெட்-7 வகை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கூட்டினால் நுரையீரல் புற்றணுக்கள் கதிருக்கு எளிதில் மசிகின்றன என்பது 2007-இல் ஆய்வகத்தில் தெரியவந்தது.

அப்படியானால் மிர்-34ஏ-யை மருந்தாகவே கொடுக்கலாமே? கொடுத்துப் பார்த்தார்கள். நோயெதிர்ப்பு மண்டலத்தின் கடும் பக்கவிளைவுகளால் 2016-இல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. ஆகவே மருந்தாவதற்கு முன், யாருக்குக் கதிர் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் அடையாளமாகவே இவை பயன்படும் என்பது என் கருத்து. இரத்தத்தில் சிதையாமல் நிற்பது இவற்றின் பெரிய வசதி. அந்த அடையாளங்களை நம் பெண்களின் மாதிரிகளிலேயே சோதித்து உறுதிசெய்ய வேண்டும். திருச்சியின் ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் கைகோத்துச் செய்ய வேண்டிய பணி இது.

அதுவரை, கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியக் கைவசம் எளிய வழி ஒன்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்க்கும் சோதனையை நடத்தினார்கள். இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என 2007-இல் முடிவு வெளியானது. 30 வயதைக் கடந்த தாய்மார்களே, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.