சுவடும் ஏணியும்: சுசந்திகா ஜயசிங்கவின் ஓட்ட வாழ்வு — ஒரு வரலாற்று நோக்கு

இரணைமடுக் குளத்தின் நீர் பாயும் கிளிநொச்சிக் குடியேற்றக் கிராமங்களின் பாடசாலைகளிலே, ஆண்டின் முதற்றவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறுவது நெடுங்கால வழக்கமாகும். புற்றரையிற் சுண்ணாம்பினால் இடப்பட்ட சுவடுகளில் மாணவியர் வெறுங்காலுடன் ஓடுவர். வென்றோருக்குச் சான்றிதழும் கிண்ணமும் வழங்கப்படும். மிகப் பெரும்பாலோரைப் பொறுத்தவரை ஓட்டம் என்பது அத்துடன் முடிந்துவிடும் ஒரு பள்ளிப்பருவ நினைவேயாகும். அத்தகைய கிராமத்து மாணவி ஒருத்தி ஓட்டத்தையே தன் தொழிலாகக் கொண்டு உலக அரங்கிற் காலடி வைக்க வேண்டுமாயின் எவையெவை தேவைப்படும் என்ற வினாவிற்கு, இலங்கை வரலாற்றில் முழுமையான விடை தரும் வாழ்வாகச் சுசந்திகா ஜயசிங்கவின் வாழ்வு அமைகின்றது. அவர் வன்னியைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அவர் ஏறிச் சென்ற ஏணியின் படிகளை ஒவ்வொன்றாக நோக்கும்போதே, வன்னிச் சிறுமிக்கு எந்தப் படி இல்லாமற் போயிற்று என்பது புலனாகும்.

நவீன ஒலிம்பிக் போட்டிகள் 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் தொடங்கியபோது பெண்களுக்கு அங்கு இடமிருக்கவில்லை. சுவட்டு மைதான நிகழ்ச்சிகளிற் பெண்கள் பங்குபற்றுவதற்கு 1928ஆம் ஆண்டின் அம்ஸ்ரர்டாம் போட்டிகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெண்களுக்கான 200 மீற்றர் ஓட்டமோ 1948ஆம் ஆண்டு இலண்டனிலேயே முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதே இலண்டன் போட்டிகளிலேதான் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் பெற்று, இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைத் தேடித்தந்தார். வைற் கண்டி திருத்துவக் கல்லூரியில் உருவானவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உருவாகி, 1958ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலிற் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கமும் அத்தகைய ஒரு பழம்பெரும் கல்லூரியின் பேறே ஆவார். ஆங்கிலேய ஆட்சிக்காலத்தில் வேரூன்றிய நகரக் கல்லூரிகளே இலங்கையின் மெய்வல்லுநரை ஈன்றெடுத்த களங்கள் என்பதும், அவை பெரிதும் ஆண்களுக்கே உரியனவாக இருந்தன என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன. சுசந்திகா இம்மரபிற்குப் புறம்பானவர்.

1975ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் திகதி, கேகாலை மாவட்டத்தின் வரக்காப்பொலைப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில், வறிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெயர்பெற்ற கல்லூரியோ செல்வாக்குள்ள உறவினரோ அவருக்கு இருக்கவில்லை. கிராமப் பாடசாலையில் வெளிப்பட்ட வேகம் முறையான பயிற்சியாக மாறியது இராணுவ விளையாட்டு அணியின் வழியாகவேயாகும். மாதச் சம்பளம், போசாக்கான உணவு, பயிற்றுநர், கொழும்பின் செயற்கைச் சுவட்டில் ஓடும் வாய்ப்பு ஆகிய நான்கினையும் ஏழைக் கிராமத்துப் பெண் ஒருத்திக்கு ஒருங்கே அளிக்கக்கூடிய நிறுவனங்கள் அக்கால இலங்கையில் மிகச் சிலவே இருந்தன. படை அவற்றுள் ஒன்று. இதனைப் போற்றவோ தூற்றவோ வேண்டியதில்லை, ஆனால் மறந்துவிடலாகாது.

1994ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீற்றர் ஓட்டத்தில் அவர் வெள்ளிப்பதக்கம் பெற்றபோது, ஆசியாவிற்கு வெளியே அப்பெயரை அறிந்தோர் அரியர். மூன்றாண்டுகளின் பின், 1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற உலக மெய்வல்லுநர் போட்டியின் இறுதி ஓட்டத்தில், உக்ரேனின் ஜன்னா பின்ருசேவிச் 22.32 செக்கனிலும் சுசந்திகா 22.39 செக்கனிலும் ஓடி முடித்தனர். 22.40 செக்கனுடன் மூன்றாமிடத்திற்குத் தள்ளப்பட்டவர் யமேக்காவின் மேர்லின் ஒட்டி; இரு தசாப்தங்களாகக் குறுந்தூர ஓட்டத்தின் பெரும் பெயர்களுள் ஒருவர். உலக மெய்வல்லுநர் போட்டியில் இலங்கை பெற்ற முதலாவது பதக்கம் அதுவேயாகும்.

இந்த ஏதென்ஸ் போட்டிக்கு மற்றொரு முக்கியத்துவமும் உண்டு. பணம் பெற்று ஓடுவோர் நீண்டகாலமாக இழிவாகக் கருதப்பட்டனர். 1912ஆம் ஆண்டு இரு தங்கப்பதக்கங்கள் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப், முன்னர் சிறு ஊதியத்திற்குப் பந்தாடினார் என்ற காரணத்திற்காக அவற்றை இழந்தமை பலரும் அறிந்ததே. 1982ஆம் ஆண்டிலேயே சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம், வீரர்கள் ஈட்டும் பணத்தை நம்பிக்கை நிதியமாக வைத்திருக்க இடமளித்தது. உலகப் போட்டியில் வெற்றியாளருக்கு நேரடியாகப் பரிசுப் பணம் வழங்கும் முறை 1997ஆம் ஆண்டு ஏதென்ஸ் போட்டியிலேதான் தொடங்கிற்று. தொழில்முறை ஓட்டம் வெளிப்படையாகவே அங்கீகாரம் பெற்ற அதே அரங்கில் சுசந்திகா எழுச்சி பெற்றார் எனலாம். வசதி படைத்தோரே இலட்சியத்திற்காக மட்டும் ஓட முடியும். 'தூய' விளையாட்டு என்ற பழைய கோட்பாடு எந்த வர்க்கத்தினருக்கு வாய்ப்பாக இருந்தது என்பதைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

புகழைத் தொடர்ந்து வந்தது துன்பமே. 1998ஆம் ஆண்டு ஊக்கமருந்துப் பரிசோதனையொன்றின் முடிவை வைத்து அவர் இடைநிறுத்தப்பட்டார். தமக்கெதிராகச் சதி நடந்ததாக அவர் கூறினார். பின்னர் குற்றச்சாட்டினின்றும் விடுவிக்கப்பட்டார். அதிகாரத்திலிருந்தோரால் தமக்கு நேர்ந்த தொல்லைகள் பற்றியும் அவர் வெளிப்படையாகப் பேசத் தயங்கவில்லை. ஆண் வீரன் ஒருவனின் உடலைப் பற்றி எழாத ஐயங்களும் ஏளனங்களும் ஒரு பெண்ணின் வலிமை வாய்ந்த உடலைப் பற்றி எழுகின்றன. தமிழ்நாட்டின் சாந்தி சவுந்தரராஜன் 2006ஆம் ஆண்டு தோகா ஆசியப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் வென்ற வெள்ளிப்பதக்கத்தைப் பாற்சோதனையின் பேரில் இழந்தமையும் இதனோடு ஒருங்கு வைத்து நோக்கத்தக்கது. சுசந்திகா நாட்டைவிட்டு அகன்று, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பயிற்சி பெறலானார். தாய்நாடு தரத் தவறிய அமைதியை அந்நிய நகரம் தந்தது போலும்.

200 மீற்றர் ஓட்டம் வளைவிலே தொடங்குவது. முதற்பாதி முழுவதும் ஓடுபவரின் உடல் இடப்புறம் சாய்ந்து, வெளிநோக்கி இழுக்கும் விசையுடன் போராட வேண்டும். வளைவு முடிந்து நேர்ச்சுவட்டிற்குள் நுழையும்போது வேகம் ஏற்கெனவே உச்சத்தைக் கடந்துவிட்டிருக்கும்; அதன் பின்னர் எவரும் வேகம் கூட்டுவதில்லை, குறைவாகத் தளர்பவரே முந்துகிறார். 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி சிட்னி நகரில் நிகழ்ந்ததும் அதுவே. அமெரிக்காவின் மெரியன் ஜோன்ஸ் 21.84 செக்கனில் வெகுதூரம் முன்னே சென்றுவிட்டார். அவருக்குப் பின்னால் பஹாமாஸ் நாட்டின் போலின் டேவிஸ் தொம்சன் 22.27 செக்கனிலும், சுசந்திகா 22.28 செக்கனிலும், யமேக்காவின் பெவர்லி மக்டொனால்ட் 22.35 செக்கனிலும் எல்லையைக் கடந்தனர். சுசந்திகாவிற்கு வெண்கலம். டங்கன் வைற்றுக்குப் பின் 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம். இலங்கைப் பெண்ணொருத்தி பெற்ற முதலாவது ஒலிம்பிக் பதக்கமும் அதுவே. வைற் அதற்கு ஈராண்டுகள் முன்னரே மறைந்துவிட்டார்.

ஆயினும் அவ்வோட்டம் அன்று முடிந்துவிடவில்லை. ஊக்கமருந்து உட்கொண்டதாக மெரியன் ஜோன்ஸ் 2007ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஒப்புக்கொண்டார். அவரது பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டு டிசெம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு பதக்கங்களை மறுபகிர்வு செய்தபோது, போலின் டேவிஸ் தொம்சன் தங்கத்திற்கும் சுசந்திகா வெள்ளிக்கும் உரியவராயினர். நூற்றில் ஒரு செக்கனால் ஏதென்ஸில் ஒட்டியை முந்தியவர், நூற்றில் ஒரு செக்கனால் சிட்னியில் ஒலிம்பிக் தங்கத்தை இழந்தார் என்பது இவ்வாறு ஒன்பதாண்டுகளின் பின்னரே வெளிப்பட்டது. 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸில் பி. ரி. உஷாவிடமிருந்து வெண்கலத்தைப் பறித்ததும் இதே அளவு காலமே.

இடைப்பட்ட காலத்தில், 2002ஆம் ஆண்டு பூசான் ஆசியப் போட்டியின் 100 மீற்றர் ஓட்டத்தில் அவர் தங்கம் வென்றார். 2007ஆம் ஆண்டு ஒசாகா உலகப் போட்டியில், 31 வயதில், 22.63 செக்கனில் வெண்கலம் பெற்றார். முதற்பதக்கத்திற்கும் இதற்கும் இடையே முழுப் பத்தாண்டுகள்; குறுந்தூர ஓட்டத்தில் இத்தகைய நீடிப்பு எளிதிற் கைவருவதன்று. ஓய்வின் பின்னர், 2017ஆம் ஆண்டு, பொருளாதார நெருக்கடி காரணமாகத் தமது ஒலிம்பிக் பதக்கத்தை விற்கப்போவதாக அவர் அறிவித்த செய்தி நாட்டைத் திடுக்கிடச் செய்தது. தொழில்முறை வீராங்கனையின் தொழில் முப்பதைச் சற்றே கடந்ததும் முடிந்துவிடுகின்றது. எஞ்சிய வாழ்வுக்கு ஓய்வூதியம் வழங்கும் ஏற்பாட்டை எந்தச் சுவடும் கொண்டிருப்பதில்லை.

இனி வன்னியை நோக்குவோம். சுசந்திகாவின் ஓட்ட வாழ்வும் வன்னியின் போர்க்காலமும் ஏறத்தாழ ஒரே காலப்பகுதிக்குரியன. ஏதென்ஸில் அவர் ஓடிய 1997ஆம் ஆண்டில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமிருந்தது. மக்கள் இடம்பெயர்ந்து காட்டோரங்களில் வாழ்ந்தனர். 1998ஆம் ஆண்டு செப்டெம்பரில் நகரம் புலிகளிடம் மீண்டது. சிட்னி ஓட்டம் நிகழ்ந்த நாளில் ஏ-9 பாதை மூடப்பட்டிருந்தது. 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின் பின் திறக்கப்பட்ட அது, 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. மின்சாரமற்ற ஊர்களில் மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களிடையே சுசந்திகாவின் வெற்றி எவ்வாறு பேசப்பட்டது என்பது எழுதப்படாத வரலாறு. அவர் அணிந்தது இலங்கையின் சீருடை. அவரை வளர்த்தது இராணுவத்தின் அணி. கேகாலைக் கிராமத்து ஏழைப் பெண்ணுக்கு ஏணியாக அமைந்த நிறுவனம், இரணைமடுக் கிராமத்து ஏழைப் பெண்ணின் ஊரை எறிகணைகளால் அழித்த நிறுவனமாக இருந்தது. மறுபுறம், இயக்கமும் இளம் பெண்களைப் போர்க்களத்திற்கு எடுத்துக்கொண்டது. இறுதி ஆண்டுகளில் அது கட்டாயமாகவே நடந்தது. ஓடக்கூடிய வயதிலிருந்தோர் பலருக்கு ஓட்டம் என்பது எறிகணையினின்றும் பதுங்கு குழியை நோக்கிய ஓட்டமாகவே இருந்தது. அக்காலச் செய்திகளில் இரணைமடுவின் பெயர் ஓர் ஓடுபாதையின் பொருட்டே அடிபட்டது. ஆயின் அது விமான ஓடுபாதை.

கொழும்பிற் செயற்கைச் சுவட்டில் தேசியத் தெரிவுப் போட்டிகள் நடைபெற்ற ஆண்டுகளில், வன்னி மாணவியொருத்தி அங்கு சென்று ஓடுவதற்கு முதலில் வேண்டியிருந்தது வேகமன்று, பயண அனுமதி. இரு தரப்பினதும் சோதனைச் சாவடிகளைக் கடந்து, பாதுகாப்பிற்கு எவர் பொறுப்பு என்ற வினாவிற்கு விடை கண்ட பின்னரே தொடக்கக் கோட்டில் நிற்கலாம். அத்தகைய நிலையில் ஒரு தலைமுறைப் பெண்களின் காலம் எத்தனை செக்கன் என்பது அளக்கப்படவேயில்லை. அளக்கப்படாத வேகத்திற்குப் பதிவேட்டில் இடமில்லை. எனவே வன்னியிற் குறுந்தூர ஓட்டக்காரிகள் தோன்றவில்லை என்று பதிவேட்டை மட்டும் பார்த்துக் கூறுவோர் தவறிழைக்கின்றனர்.

2009ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. மே மாதத்திற் போர் முடிவுற்றது. அவ்வாண்டு டிசெம்பரில் சிட்னிப் பதக்கம் வெண்கலத்திலிருந்து வெள்ளியாக உயர்ந்த நாட்களில், இரணைமடுவைச் சூழ்ந்த ஊர்களின் மக்களிற் பெருந்தொகையினர் செட்டிகுளம் முகாம்களில் இருந்தனர். மாணவியர் அங்கு கூடாரங்களிலே பாடம் படித்தனர். 2010ஆம் ஆண்டில் குடும்பங்கள் சிறுகச் சிறுகத் திரும்பலாயின. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்ட நிலங்களுக்கு மட்டுமே அவை திரும்ப முடிந்தது.