பேரேட்டிலிருந்து திரைக்கு: கண்கள் பட்ட பாடு

புனே, பெங்களூரு, நொய்டா என்று பிழைக்க வந்த நம்மில் பலருக்குக் கணினிதான் சோறு போடுகிறது. ராத்திரி வீட்டுக்கு வந்தால் கண் எரிச்சல், தலைபாரம். ஊரிலிருந்து போனில் அம்மா, "அந்தப் பொட்டியையே பார்த்துட்டு இருந்தா கண்ணு போயிடும்டா" என்பார்கள். இந்த எரிச்சலுக்கும் சரி, அந்தப் பயத்துக்கும் சரி, ஒரு சரித்திரம் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்த வங்கிக்காரன். பேரேட்டை விட்டுத் திரைக்கு மாறிய தொழில் என்பதால் தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

கண் அலுப்பு கம்ப்யூட்டரோடு பிறந்ததில்லை. பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர், தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். முதலில் 1700ல் வந்தது, 1713ல் விரிவாக்கினார். நுணுக்க வேலை செய்பவர்களின் கண் கெடுவதைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அவர் சொன்ன வைத்தியம்: கண்ணாடி போடுங்கள், குனிந்தபடியே இருக்காதீர்கள், அவ்வப்போது வேலையைக் கீழே வைத்துவிட்டு வேறு எதையாவது பாருங்கள். இன்றைக்குப் பிரபலமாக இருக்கும் "20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தை 20 விநாடி பார்" என்ற விதியின் கொள்ளுத்தாத்தா இதுதான்.

அடுத்து நம் வங்கிகள். தமிழரான சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1984ல் அறிக்கை தந்தது. அதற்குப் பிறகுதான் கிளைகளில் ஏ.எல்.பி.எம். என்ற லெட்ஜர் பதியும் இயந்திரங்கள் பரவலாக நுழைந்தன. வேலை போய்விடுமோ என்ற கவலை அப்போது பெரிதாக இருந்தது. கண்ணைப் பற்றி யார் நினைத்தார்கள்?

ஆனால் கண்ணுக்கு அது பெரிய மாற்றம். பேரேடு மேஜையில் படுத்திருக்கும். மேலே தொங்கும் டியூப்லைட் வெளிச்சம் நேராகத் தாளில் விழும். குனிந்து எழுதும்போது இமை பாதி மூடியிருப்பதால் கண் சீக்கிரம் காயாது. திரையோ நிமிர்ந்து நிற்கிறது. நேராகப் பார்க்கும்போது கண் அகலத் திறந்திருக்கிறது. ஜன்னலும் டியூப்லைட்டும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரையில் தெரிகின்றன. ஆள் மாறாமல், மேஜை மாறாமல், விளக்கு மாறாமல் வேலை மட்டும் மாறிவிட்டது. நான் 2005ல் சேர்ந்தபோதும் எங்கள் கிளையில் இதே கதைதான். கனத்த சி.ஆர்.டி. மானிட்டர்கள், லெட்ஜர் காலத்து மேஜைகளில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த எங்களுக்கு எதிரே.

அமெரிக்காவில் இந்தச் சண்டை முன்பே ஆரம்பித்துவிட்டது. 1977ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் திரை முன் வேலை செய்த இளம் எடிட்டர்கள் இருவருக்குக் கண்புரை வந்தது. கதிர்வீச்சுதான் காரணமோ என்று பீதி கிளம்பியது. அங்குள்ள தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1981ல் ஒரு சிபாரிசு செய்தது: கண்ணுக்குக் கடுமையான வேலை என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, மிதமான வேலை என்றால் இரண்டு மணிக்கு ஒருமுறை, 15 நிமிட இடைவேளை. 1983ல் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் அறிக்கை வந்தது. திரையால் கண் நிரந்தரமாகக் கெடுகிறது என்பதற்கு ஆதாரமில்லை, ஆனால் அலுப்பு நிஜம். கூசும் வெளிச்சம், மேஜை அமைப்பு, வேலை அமைப்பு இவற்றைப் பாருங்கள் என்றது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: கண் போகாது, ஆனால் எரிச்சல் கற்பனை இல்லை.

சுவீடனில் வேறு வழியில் போனார்கள். டி.சி.ஓ. என்ற அலுவலக ஊழியர் சங்கக் கூட்டமைப்பு 1992ல் மானிட்டர்களுக்குத் தானே தரச்சான்று கொடுக்க ஆரம்பித்தது. பழைய மானிட்டர்களின் மூலையில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டியது குமாஸ்தாக்களின் சங்கம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஐரோப்பாவில் 1990ல் வந்த உத்தரவு, திரையில் வேலை செய்பவருக்கு இடைவேளையும் கண் பரிசோதனையும் உரிமை என்றது. அந்த வேலைக்கென்று தனிக் கண்ணாடி தேவைப்பட்டால் ஊழியருக்குச் செலவு வைக்கக் கூடாது.

டியூப்லைட்டும் ஒரு வில்லன்தான். பழைய சோக் வைத்த விளக்கு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பிரிட்டனில் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழு 1989ல் வெளியிட்ட ஆய்வில், எலக்ட்ரானிக் சோக்குக்கு மாற்றியதும் தலைவலியும் கண் அலுப்பும் சராசரியில் பாதிக்கும் கீழே போயின. இன்றைய மலிவு எல்.இ.டி. விளக்குகள் சிலவும் இப்படி மினுக்குகின்றன. செல்போன் கேமராவில் பட்டை பட்டையாக ஓடினால் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக இமை. 1993ல் ஜப்பானிய மருத்துவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைக்கிறோம், புத்தகம் படித்தால் 10, திரையைப் பார்த்தால் 7. ஏசி அறையில் ஏன் எரிகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இத்தனை வருட அனுபவத்திலிருந்து வீட்டுக்கும் ஆபீசுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

- ஜன்னல் திரைக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், முன்னாலும் வேண்டாம் பின்னாலும் வேண்டாம்.
- திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, ஒரு கை நீளத் தூரத்தில்.
- நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் திரைத் தூரத்தைக் கண் டாக்டரிடம் அளந்து சொல்லுங்கள். பேப்பர் படிக்கும் கண்ணாடி அதற்குச் சரிப்படாது.
- நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். 2023ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, கண் அலுப்பு அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்கிறது.

இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். இடைவேளையும் நல்ல திரையும் தானாக வந்துவிடவில்லை. மேஜையில் உட்கார்ந்தவர்கள் வாய்விட்டுச் சொன்ன பிறகே வந்தன. வெளியூரில் வேலை, எதற்கு வம்பு என்று நாம் பொறுத்துப் போகிறோம். மேஜையைத் திருப்பிப் போடுங்கள், விளக்கை மாற்றுங்கள் என்று கேட்பதற்குக் கூச்சம் எதற்கு? கண் நம்முடையதுதானே.