ஏலாக்குறிச்சி முதல் தரங்கம்பாடி வரை

அரியலூர்ப் பகுதியின் ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் மிஷனை மறுத்து 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்' போன்ற நூல்களை எழுதினார். தமிழ் உரைநடை வளர்ந்ததில் இந்தப் பூசலுக்கும் பங்குண்டு என்பது வேடிக்கைதான்.

பின்னர் வந்த மிஷன்களும் தத்தம் சபைப் பிரிவுகளை இங்கே ஊன்றின. ஐரோப்பியச் சண்டைகளில் தமிழ்க் கிராமத்துக் கிறிஸ்தவருக்கு எந்தப் பங்கும் இல்லை. பிரிவு மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், பேராயர் அசரியா முன்னிற்க, ஒன்றிணைய அழைப்பு விடுத்தனர். பேராயர் பதவியே பெரிய முட்டுக்கட்டை. பேராயர் கையால் பட்டம் பெறாதவரைக் குருவாக ஏற்க ஆங்கிலிக்கர் தயங்கினர். 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையினரோ தங்கள் போதகர்களுக்கு மறுபட்டம் என்றதை அவமதிப்பாகக் கருதினர். பேச்சு 28 ஆண்டு இழுத்தது. இருக்கும் போதகர்களை அப்படியே ஏற்பது, இனிவருவோருக்குப் பேராயரே பட்டம் தருவது என்று முடிவானது. மெதடிஸ்டுகளும் சேர, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

தரங்கம்பாடியின் வாரிசான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அதில் சேரவில்லை. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் தனிச் சபையாகவே இயங்குகிறது.