இப்னுல் ஹைதம்: நாம் பாதியில் நிறுத்திய பாடம்



ஒப்டோமெட்ரி முதலாம் ஆண்டில் படிக்கும் நமது பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "சேர், கண் எப்படிப் பார்க்கிறது என்று கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்றுதானே சொல்லித் தந்தீங்க? விழித்திரையில் தலைகீழாக விம்பம் விழுவதை விளக்கினவர் கெப்லர் என்று இங்கே படிப்பிக்கிறாங்களே?"

நியாயமான கேள்வி. பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் பாடத்தை நாம் பாதியில் நிறுத்தியிருந்தது விளங்கியது.

கி.பி. 965 அளவில் பஸ்றாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர் இப்னுல் ஹைதம். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று அவருக்கு முன்னர் யூக்ளிட்டும் தொலமியும் எழுதியிருந்தார்கள். சூரியனை உற்றுப் பார்த்தால் கண் நோகிறதே, அப்படியென்றால் வெளியிலிருந்துதானே ஏதோ கண்ணுக்குள் வருகிறது என்று இவர் கேட்டார். இருட்டறையின் துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வைத்தார். ஒவ்வொன்றின் ஒளியும் சுவரில் தனித்தனி இடத்தில் விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளி மட்டும் மறைந்தது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதை 7 பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' நூலில் நிறுவினார். கணித அறிஞர்களின் கதிர்க் கோடுகளையும் வைத்தியர்களின் கண் அறிவையும் ஒன்றாக இணைத்தார். கண்ணைப் படிக்கப் போன பிள்ளைக்கு முதல் வருடமே கதிர்ப்படம் கீறக் கொடுப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

நாம் சொல்லாமல் விட்டது இதற்குப் பிந்திய பகுதி. ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் கண் முழுவதிலும் படுமென்றால் காட்சி ஏன் கலங்கவில்லை? செங்குத்தாக நுழையும் கதிரே பார்வையைத் தருகிறது, அதை உணர்வது வில்லையின் முன்பகுதி என்றார் அவர். கதிர்கள் குறுக்கிட்டால் காட்சி தலைகீழாகிவிடும். அதை அவரால் ஏற்க முடியவில்லை. அந்த இடத்தில் அவர் பிழைத்தார்.

அவரது நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு 1572இல் பாசல் நகரில் அச்சானது. 1604இல் கெப்லர், ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்களை எல்லாம் கண் விழித்திரையில் ஒரே புள்ளியில் குவிக்கிறது என்றும் விம்பம் தலைகீழாகவே விழுகிறது என்றும் காட்டினார். அவருக்கும் தொடக்கம் அதே புள்ளிக்குப் புள்ளி முறைதான்.

மூக்குக் கண்ணாடியையும் இப்னுல் ஹைதமே கண்டுபிடித்தார் என்ற படங்களை நம்மில் பலர் பகிர்கிறோம். அது இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. அவர் வபாத்தாகி 200 வருடங்களுக்கு மேல். இல்லாததை ஏற்றிச் சொல்லும் அளவுக்கு அவருக்கு ஒன்றும் குறைவில்லை. தொலமியின் மீதான சந்தேகங்களை ஒரு தனி நூலாகவே எழுதியவர் அவர். முன்னோர் சொன்னதை அப்படியே நம்பாதே, உன்னையும் சந்தேகி என்பது அதில் அவர் சொல்லும் புத்தி.

மகள், உங்கள் விரிவுரையாளர் சொன்னது சரி. அடுத்த தவணையில் இந்தப் பாடத்தை கெப்லர் வரை நடத்துவோம், இன்ஷா அல்லாஹ்.