தேடுங் கலையும் இரங்கநாதனாரும்

இணையத்தில் ஒரு சொல்லை இட்டால் நொடிப்பொழுதில் எண்ணிறந்த பக்கங்கள் வந்து குவிகின்றன. அவற்றுள் நமக்கு வேண்டியது எது? இத்திகைப்பு இணையத்தோடு பிறந்ததன்று.

1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்த சீர்காழி இரங்கநாதனார் நூற்குவியலின் நடுவே இதனையே கண்டார். கணிதம் கற்பித்து வந்த அவருக்குத் தொடக்கத்தில் அப்பணி சிறிதும் பிடிக்கவில்லை! பயிற்சிக்காக இலண்டன் சென்றபின்னரே மனம் மாறியது. அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். துண்டுகள் சிலவே; மாற்றி மாற்றிப் பூட்டினால் உருவங்கள் பல. அறிவையும் அவ்வாறு பிரித்துப் பூட்டலாகாதா என்று எண்ணினார்.

அவ்வெண்ணத்தின் விளைவு 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. முக்காற்புள்ளியால் கூறுகளை இணைத்தமையின் அப்பெயர் பெற்றது. டூயியின் முறை பெரும்பாலும் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னரே ஓர் அறை வகுத்து வைத்தது. இவரோ பொருளையே கூறுகளாகப் பிரித்தார். இடமும் காலமும் அக்கூறுகளுள் அடங்கும்.

இணையத்தில் தேடுவார்க்கும் இதுவே வழி. ‘பஞ்சம்’ என்று மட்டும் இடுவோமாயின் உலகத்துப் பஞ்சமெல்லாம் வந்து சேரும். வங்காளம், 1943, அரிசி விலை என்று கூறு பிரித்து இடுவோமாயின், பல இலட்சம் உயிர்களைக் கொண்ட அக்கொடுமையின் வரலாறு முன்வந்து நிற்கும். மிகுதியாகச் சொற்களை அடுக்குவதாற் பயனில்லை. கூறுக்கு ஒரு சொல் போதும்.

இன்று நூலகப் பட்டியல்களிலும் வாணிகத் தளங்களிலும் ஓரத்தில் ஆண்டு, வகை, விலை என வடிகட்டும் கட்டங்களைக் காண்கிறோமே, அவை இரங்கநாதனாரின் கூறுகளின் வழிவந்தவையே.