உயிரோடு இருக்கும் மதிப்புகள்

கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். கணினி அறிவியல் படிக்கும் பெண்களில் பலரை அந்தப் பாடம் பயமுறுத்துகிறது. அதில் வரும் ஒரு சின்னப் பிழையின் நூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் சில பெண்களின் வரலாறு கையில் கிடைக்கும். அந்தப் பிழையை வேலையிடத்தில் திருத்தியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் பிழையைச் சொல்லிவிடுகிறேன். கணினியின் செயலிக்குள் ரிஜிஸ்டர்கள் என்று சில இடங்கள் உண்டு. மிக வேகமானவை, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. அடுப்படியில் கைக்கெட்டும் இரண்டு மூன்று பாத்திரங்களைப் போல. விருந்தாளி வந்தால் காபி, வராவிட்டால் களி. இரண்டுக்கும் கொதிநீர் வேண்டும் என்பதால், யார் வருவார் என்று தெரியும் முன்பே தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிடலாம். பாதை பிரிந்த பிறகு இரண்டு கிளைகளிலும் வரும் ஒரே வேலையை, பிரிவதற்கு முன்பே ஒரு தடவை செய்து வைப்பதுதான் கோட் ஹாய்ஸ்டிங். நிரலின் அளவு குறையும்.

ஆனால் தண்ணீருக்காக எடுத்த பாத்திரத்தில் குழந்தைக்கான பால் இருந்தால்? ஒரு மதிப்பு இனிமேல் எங்காவது தேவைப்படும் என்றால் அது அந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது என்று கம்பைலர்காரர்கள் சொல்வார்கள். இதுதான் லைவ்னெஸ். உயிரோடு இருப்பதன் மேல் வேறொன்றை ஊற்றக் கூடாது.

நான் சில ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வேகப்படுத்தும் வசதியை நிறுத்தினால் சரியாகவும், போட்டால் தப்பாகவும் கூட்டுத்தொகை காட்டும் நிரல் ஒன்று என் மேஜைக்கு வந்தது. பாதை பிரியும் இடத்தில் ஒரு ரிஜிஸ்டரில் பழைய கூட்டுத்தொகை இருந்தது. ஒரு கிளை அதை நினைவகத்தில் எழுதிவிட்டு, பிறகுதான் அதே ரிஜிஸ்டரில் புதிய கணக்கைப் போடும். மற்றக் கிளை நேராகப் புதிய கணக்குக்குப் போகும். இரண்டிலும் ஒரே கணக்கு இருப்பதைப் பார்த்த ஹாய்ஸ்டிங் பகுதி அதை மேலே தூக்கிவிட்டது. எழுதி வைப்பதற்கு முன்பே பழைய தொகை அழிந்துபோனது. கணக்குக்கு வேண்டிய எண்கள் தயாராக இருக்கின்றனவா என்று கேட்ட அந்தப் பகுதி, விடையைப் போடும் இடம் காலியா என்று கேட்கவில்லை.

திருத்தம் பத்துப் பன்னிரண்டு வரிதான். தூக்குவதற்கு முன், அந்த ரிஜிஸ்டர் ஏதாவது ஒரு கிளையின் வாசலில் உயிரோடு இருக்கிறதா என்று பார், இருந்தால் தூக்காதே. தூக்கினால், எது எங்கே உயிரோடு இருக்கிறது என்ற பட்டியலை மறுபடி கணக்கிடு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஹாய்ஸ்டிங்கை எழுதியவருக்கு முன்பே மேடையில் பாராட்டு கிடைத்திருந்தது. திருத்தியவளுக்கு அடுத்த பிழையின் எண் கிடைத்தது.

தம்மம்பட்டியில் வளர்ந்தவளுக்கு இது புதிதல்ல. மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர் அது. எங்கள் தெருப் பட்டறைகளில் உளி பிடித்தவர்கள் ஆண்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர்களில் பெண்கள் இருந்தார்கள். சிலை உளி பிடித்தவரின் பெயரில்தான் விலை போகும்.

கம்பைலர் வரலாற்றிலும் தேய்த்த கைகளைத் தேடினேன். 1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலர் என்றதும் ஜான் பேக்கஸ் பெயரைச் சொல்வோம். அவர் குழுவில் லோயிஸ் ஹைப்ட் என்ற இளம்பெண் இருந்தார். வாசர் கல்லூரியில் படித்துவிட்டு 1955இல் வேலைக்குச் சேர்ந்தவர். ஐபிஎம் 704 கணினியில் இன்டெக்ஸ் ரிஜிஸ்டர்கள் மூன்றே மூன்று. எதை எப்போது அவற்றில் வைப்பது என்று முடிவு செய்ய, நிரல் எந்தப் பாதையில் எத்தனை தடவை போகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதை மதிப்பிடும் நான்காம் பகுதியை ஹைப்ட் எழுதினார். ரிஜிஸ்டரைப் பங்கிடும் அடுத்த பகுதி அந்த மதிப்பீட்டின் மேல்தான் நின்றது.

அதே 1957இல், நியூயார்க் மாநிலத்துப் பண்ணை வீட்டுப் பெண் ஃபிரான்சஸ் ஆலன் படிப்புக் கடனை அடைப்பதற்காக ஐபிஎம்மில் சேர்ந்தார். பெண்களை வேலைக்கு அழைக்க அந்த நிறுவனம் அச்சிட்ட கையேட்டின் பெயர் ‘மை ஃபேர் லேடீஸ்’. நிரல் எழுதுவது குமாஸ்தா வேலை மாதிரி பார்க்கப்பட்ட காலத்தில் கதவு திறந்திருந்தது. மதிப்பு கூடக்கூட ஆண்களின் எண்ணிக்கையும் கூடியது. ஆலன் விஞ்ஞானிகளுக்கு ஃபோர்ட்ரான் கற்றுக்கொடுத்தார், பிறகு கம்பைலர் ஆய்வுக்குப் போனார். நிரலின் பாதைகளை வரைபடமாக்கி ஆராயும் முறையை 1970இல் எழுதினார். எந்த மதிப்பு எங்கே வந்து சேரும், எங்கே உயிரோடு இருக்கும் என்று கணக்கிடும் முறையை 1976இல் ஜான் காக்குடன் சேர்ந்து எழுதினார். என் பத்து வரித் திருத்தம் அந்த மரபில் வந்தது.

டூரிங் விருது 1966இல் தொடங்கியது. காக்குக்கு 1987இல் கிடைத்தது. கணினி வடிவமைப்பிலும் அவர் பங்கு பெரியது. அவரைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆலனுக்கு 2006ஆம் ஆண்டுக்கான விருது வந்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அப்போது ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2020இல், தன் 88ஆவது பிறந்தநாளில் இறந்தார்.

லைவ்னெஸ் கணக்கைப் பின்னாலிருந்து முன்னால் போட வேண்டும். கடைசிக் கட்டளையில் தொடங்கி, எது பயன்பட்டது என்று குறித்துக்கொண்டே மேலே ஏற வேண்டும். முன்னாலிருந்து படித்தால் எந்த மதிப்பும் முக்கியமாகத் தெரியாது. பெண்களின் வேலையைத் தேடும் வரலாற்றுக்கும் இந்த வழிதான் சரி என்று நினைக்கிறேன். கண்டுபிடித்தவர் யார் என்று தொடங்கினால் பேக்கஸோடு நின்றுவிடுவோம். இன்று நம் கையிலிருக்கும் ஒரு செயலி எதனால் சரியாக ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு மேலே ஏறினால் ஆலனும் ஹைப்ட்டும் வருவார்கள்.

இப்போது நான் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். தம்மம்பட்டி, கெங்கவல்லி பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண்கள் வகுப்பில் இருக்கிறார்கள். ரிஜிஸ்டர் பங்கீடு வரும் நாளில் ஹைப்ட் பெயரையும் 1957 என்ற ஆண்டையும் கரும்பலகையில் எழுதுகிறேன். தேர்வில் வருமா என்று கேட்கிறார்கள். வராது, எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன். எழுதிக்கொள்கிறார்கள்.